உருக்கிய 270 ரூபாய்

எங்கள் ஊர் வாலிபால் கிளப் கலைந்தபோது கையிருப்பு 11,480 ரூபாய். பொருளாளர் நான். கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் திடலில் இரண்டு கம்பம், ஒரு வலை, மாதம் ஐம்பது ரூபாய் சந்தா, நீல அட்டை போட்ட ஒரு கணக்கு நோட்டு. ஆடியவர்கள் திருப்பூர், பெங்களூர், துபாய் என்று ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அணிக்கு ஆறு பேர் தேறாத சாயங்காலங்கள் கூடிக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடல் மேடையில் உட்கார்ந்து பேசினோம். அன்றைக்கு மிஞ்சியிருந்தவர்கள் ஏழு பேர். தலைக்கு 1,640 ரூபாய் பிரித்துக்கொண்டோம். நோட்டில் இருப்பு பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை. ஆனால் நாங்கள் செய்தது சரியா என்ற கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம் சில வருஷம் வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவில் இருந்தேன். ஜாகை லேக் மார்க்கெட் பக்கம். வாழையிலை, வெற்றிலை, காப்பிப்பொடி எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம் என்பதால் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய பகுதி அது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மைதானத்துக்கு நடக்கப் போவேன். கொல்கத்தாவில் 'மைதான்' என்றால் ஒரே ஒரு இடம்தான். வில்லியம் கோட்டைக்கு எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடக்கும் புல்வெளி. அன்றைக்கெல்லாம் அதன் ஓரமாக டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் ஒரு ஆவணி மாத மழையில் முதன்முதலாக ரக்பி பார்த்தேன். பையன்கள் கால் முட்டி வரை சேறாக, முட்டை வடிவப் பந்தை விலாவில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். பிடித்து இழுத்தால் பொத்தென்று விழுந்தார்கள், விழுந்த கையோடு பந்தைப் பின்னால் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். பக்கத்தில் குடை பிடித்து நின்ற பெரியவர் ஒருவர், இந்த ஊர்ப் பெயரில் இங்கிலாந்தில் ஒரு கோப்பை இருக்கிறது, அது இந்த ஊர் ரூபாயை உருக்கிச் செய்தது, தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஒரு கிளப் கலைந்தபோது மிஞ்சிய பணத்தில் செய்தது என்றும் சொன்னார். பொருளாளராக இருந்த எனக்கு அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து அந்தக் கிளப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் இருபது பேர். எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்து இருபது பேர். கல்கத்தாவின் டிசம்பர் காலைகள் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நதிப் பக்கமிருந்து மூட்டம் கிளம்பும், புல் நனைந்திருக்கும், ஒரு சால்வை போட்டால் போதும் என்கிற அளவுக்குக் குளிரும். வருஷத்தில் சில வாரங்கள்தான் அவர்களுக்குத் தங்கள் ஊர் மாதிரி இருந்திருக்கும். ஆட்டம் பிடித்துப்போய் ஒரு வாரத்தில் மறுபடி ஆடினார்கள். 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் என்ற பெயரில் கிளப் ஆரம்பமாகிவிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் காலத்தைப் பார்த்துத்தான். லண்டனில் ரக்பி யூனியன் என்ற அமைப்பு உண்டானதே 1871 ஜனவரி 26 அன்று. ஒரு உணவு விடுதியில் 21 கிளப்புகளின் ஆட்கள் கூடி, விதிகளை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதே வருஷம் மார்ச் 27 அன்று எடின்பரோவில் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. உலகத்தின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் அதுதான். அது நடந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, கல்கத்தாவில் கிளப்! 1874-ல் லண்டன் யூனியனில் உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டார்கள்.

அன்றைய ஆட்டம் இன்று நாம் பார்க்கும் ரக்பி அல்ல. பக்கத்துக்கு இருபது பேர். பெரும்பாலோர் முன்களத்தில் ஒரே கும்பலாக முட்டித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பந்து அத்தனை கால்களுக்கும் நடுவில் எங்கோ கிடக்கும். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் இப்போது ஐந்து புள்ளி. அப்போது அதற்குத் தனி மதிப்பு கிடையாது, கம்பத்துக்கு மேலே உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். 'முயற்சி' என்று பொருள்படும் 'ட்ரை' என்ற பெயர் அப்படி வந்ததுதான். உதைத்து கோல் ஆனால்தான் கணக்கு. பதினைந்து பேர் என்ற எண்ணிக்கை சர்வதேச ஆட்டத்தில் வந்தது 1877-ல். கல்கத்தா கிளப்பின் கடைசி வருஷமும் அதுவே.

கிளப் ஏன் அத்தனை சீக்கிரம் படுத்தது என்பதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. ஆரம்பத்தில் உறுப்பினர்களுக்கு மது இலவசமாக ஊற்றினார்கள். ஆட்கள் திரண்டார்கள். இலவசத்தை நிறுத்தியதும் கூட்டம் கரைந்தது. இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ஊர் மன்றத்திலும் இப்படித்தான் நடக்கும். திருவிழாப் போட்டிக்கு வரும் நாற்பது பேரில் தினமும் வலை கட்ட வருபவன் நான்கு பேர்தான். அப்புறம் வெயில். டென்னிஸும் போலோவும் அந்த வெயிலுக்கு மேல் என்று பலர் மாறினார்கள். 1876-ல் ஊரில் இருந்த ராணுவப் படைப்பிரிவு வேறிடத்துக்கு மாற்றலாகிப் போனது. ஆடுவதற்கு இளவயது ஆட்கள் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். அதோடு சரி.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெயர் ஜி. ஏ. ஜேம்ஸ் ராத்னி. கிளப்பின் கேப்டன், கௌரவச் செயலாளர், பொருளாளர் மூன்றும் அவர்தான். மூன்று பொறுப்பும் ஒரே ஆள் தலையில் விழுந்திருக்கிறது என்றாலே கிளப் எந்த நிலையில் இருந்தது என்று எனக்குப் புரிந்துவிடும். எங்கள் நோட்டிலும் கடைசி எட்டு மாதம் எல்லாக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

ராத்னிக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. அவர் எறும்பு, குளவி, தேனீ ஆராய்ந்தவர். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் பாரக்பூர் இருக்கிறது. அங்கே பூங்கா மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, பூச்சிகளைப் பிடித்துக் குறித்து வைத்தார். நம் ஊர் வேப்பமரத்திலும் ஏறுகிற ஒரு எறும்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒல்லியாக, நீளமாக இருக்கும். தலையும் வயிறும் கறுப்பு, நடு உடல் செங்கல் நிறம். கொட்டினால் சுரீரென்று ஏறும். பாரக்பூர் மரத்தண்டுகளில் இந்த எறும்போடு, பார்வைக்கு இதே நிறமும் வடிவமும் கொண்ட ஒரு குளவியும், அதே சாயலில் குதித்துத் திரியும் ஒரு சிலந்தியும் இருப்பதைக் கவனித்து எழுதியவர் ராத்னி. எறும்பு எது, எறும்பு வேஷம் போட்டது எது என்று பிரித்தறிய ஒரே மரத்தின் முன்னால் எத்தனை நேரம் அசையாமல் நின்றிருக்க வேண்டும்! அவர் சேகரித்த பூச்சிகள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போயின. அவர் பெயரை ஒட்டி 'ராத்னியி' என்று பெயரிடப்பட்ட எறும்பும் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கிளப்பின் மிச்சப் பணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த மனிதர் கொடுத்த பதிலை நான் அந்த மரத்தண்டோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். அவசரம் இல்லாத மனம் ஒன்று அதில் தெரிகிறது. வங்கியில் இருந்த பணத்தில் நல்ல விருந்து ஒன்று வைத்துக் கை குலுக்கிப் பிரிந்திருக்கலாம். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தும் இருக்கலாம், நாங்கள் செய்தது போல. ராத்னி 1877 டிசம்பர் 20 அன்று லண்டன் யூனியனுக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பணத்தில் ஒரு கோப்பை செய்து அனுப்புகிறோம், ரக்பிக்கு நிலையான நன்மையாக இருக்கட்டும், எங்கள் கிளப்பின் சிறு நினைவாகவும் இருக்கட்டும் என்பது அதன் சாரம். கால்பந்துக்காரர்கள் கிளப்புகளுக்குள் கோப்பைப் போட்டி நடத்துகிறார்களே, அதுபோல வருஷாவருஷம் நடத்தலாம், அல்லது உங்களுக்கு எது நல்லதாகப் படுகிறதோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். யூனியன் ஏற்றுக்கொண்டது.

கணக்கை மூடினார்கள். கையிருப்பை வெள்ளி ரூபாயாக எடுத்தார்கள். 270 ரூபாய்.

கணக்குப் பார்க்கிற பழக்கம் என்னை விடாது. அன்றைய வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. 270 ரூபாய் என்றால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கையால் தூக்கிவிடலாம். விக்டோரியா ராணியின் தலை பதித்த 270 காசுகள் மூசையில் போய் உருகி, ராணியின் முகமெல்லாம் கலங்கி ஒரே வெள்ளியாகி, இந்தியத் தட்டார்களின் கையில் தகடாகிப் பாத்திரமானது. சேதாரம் போக மிஞ்சியது இன்று உலகத்தின் மிகப் பழைய சர்வதேச ரக்பிக் கோப்பை.

அதே 1877-ல் அதே ரூபாய்க்குத் தமிழ்நாட்டில் என்ன பெறுமானம் இருந்தது என்று யோசிக்காமல் இதை எழுத முடியவில்லை. அது தாது வருஷப் பஞ்சக் காலம். மதராஸ் மாகாணம் முழுவதும் செத்துக்கொண்டிருந்தது. பஞ்சத்தில் போன உயிர்கள் அரைக் கோடிக்கும் மேல். கல்கத்தா கிளப் உயிரோடிருந்த வருஷங்களில் பெரும்பகுதி வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர் ரிச்சர்ட் டெம்பிள். 1877 ஜனவரியில் அவரைத்தான் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த மதராஸுக்கு அனுப்பினார்கள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூட ஒரு அணா. இதுதான் அவர் வெட்டிக் குறைத்த கூலி. இதை வைத்து ஒரு மனிதன் உயிர் வாழ முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார். அப்புறம்தான் கூலி கொஞ்சம் ஏறியது. ரூபாய்க்குப் பதினாறு அணா. 270 ரூபாய் என்பது 4,320 அணா. 4,320 ஆட்களின் ஒரு நாள் காசு அந்தக் கோப்பையின் எடையில் இருக்கிறது. சிப்பாய்க்கு அப்போது மாதச் சம்பளம் ஏழு ரூபாய். அவனுக்கு அது மூன்று வருஷத்துக்கும் மேற்பட்ட வருமானம்.

ராத்னி மீது குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அது உறுப்பினர்கள் போட்ட பணம், ஒரு ரூபாய்கூடக் களவு இல்லை. ஆனால் கோப்பையின் கதையைச் சொல்கிறவர்கள் ஏக்கம் பிடித்த இளைஞர்கள், கிறிஸ்துமஸ், யானை என்று அழகாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த வெள்ளி புழங்கிய நாட்டில் அந்த வருஷம் என்ன நடந்தது என்பதும் சேர்ந்தால்தான் எனக்கு அது முழுக்கதை. என் கொள்ளுப்பாட்டி வழியாக எங்கள் வீட்டில் இறங்கி வந்த ஒரு சொல் உண்டு. யாராவது சோற்றைச் சிந்தினால், "தாது வருஷத்தை மறந்துட்டியா" என்பார்கள். சொல்கிற யாரும் அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் இல்லை.

சரி, கோப்பைக்கு வருவோம். உயரம் சுமார் 45 சென்டிமீட்டர், ஒன்றரை அடி. கைப்பிடி மூன்று. மூன்றும் படமெடுத்த ராஜநாகங்கள். உடம்பெல்லாம் நுணுக்கமான சித்திர வேலை. மூடியின் உச்சியில் ஒரு யானை நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் கண் போவது யானைக்கு, அப்புறம் மெல்ல நாகங்களுக்கு. பாம்பின் கழுத்து வளைகிற இடம்தான் விரல் பிடிக்க வாகானது. ஜெயித்த கேப்டன் தூக்கும்போது நாகத்தின் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இந்த வேலைப்பாட்டைச் செய்தவன் அழகை மட்டும் யோசிக்கவில்லை, பிடிப்பவன் கையையும் யோசித்திருக்கிறான். கல்கத்தா கிளப் இதை யூனியனுக்கு வழங்கியது, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷந்தோறும் ஆட வேண்டியது, 1878 என்று உடலில் பொறித்திருக்கிறது. அடியில் மரப் பீடம். அதில் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொரு ஆட்டத்தின் தேதியும் ஜெயித்த நாடும் இரண்டு கேப்டன்களின் பெயரும். கோப்பைக்காக முதல் ஆட்டம் நடந்தது 1879-ல் என்றாலும், பீடத்தில் 1871 முதலே ஆரம்பித்துவிடுகிறார்கள். தட்டாரின் பெயருக்கு மட்டும் ஒரு தகடு இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக நினைக்கிறேன்.

பொறிப்பைக் கவனித்தீர்களா? ராத்னி முதலில் சொன்னது கிளப்புகளுக்குள் ஒரு போட்டி. யூனியனுக்கு அதில் விருப்பமில்லை. கிளப்புகள் கோப்பைக்காக அடித்துக்கொள்வதைவிட இரண்டு நாடுகள் வருஷத்துக்கு ஒருமுறை ஆடுவது கண்ணியமானது என்று முடிவு செய்தார்கள். இங்கிலாந்தில் கிளப்புகளுக்கான தேசியக் கோப்பைப் போட்டி கடைசியில் வந்தது 1971-ல். கல்கத்தாவிலிருந்து வந்த யோசனைக்கு அவர்களுக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் வருஷம் தேவைப்பட்டிருக்கிறது.

1879 மார்ச் 10, எடின்பரோ, அதே ரேபர்ன் பிளேஸ். கோப்பைக்கான முதல் ஆட்டம் சமமாக முடிந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரி 28 அன்று மான்செஸ்டரில் இங்கிலாந்து ஜெயித்துக் கோப்பையைக் கையில் வாங்கிய முதல் நாடானது.

1884-ல் நடந்ததை மட்டும் சொல்லாமல் போக மனமில்லை. லண்டன் பக்கம் பிளாக்ஹீத்தில் ஆட்டம். ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் கையால் பந்தைப் பின்பக்கம் தட்டிவிட்டார். அதை எடுத்து ஓடி இங்கிலாந்து ட்ரை போட்டது. எங்கள் ஆள் செய்தது தவறு, அந்த இடத்திலேயே ஆட்டம் நின்றிருக்க வேண்டும், ட்ரை செல்லாது என்றது ஸ்காட்லாந்து. தவறு செய்தவன் அந்தத் தவறையே காட்டி லாபம் கேட்க முடியாது என்றது இங்கிலாந்து. தெருவில் ஆடும் பையன்களுக்கு இந்தச் சண்டை அத்துப்படி. சண்டை முற்றி 1885-ல் இரண்டு நாடுகளும் ஆடவே இல்லை. விதிகளுக்கு ஒரு நாடு மட்டும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்று ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் 1886-ல் சர்வதேச வாரியம் ஒன்றை உண்டாக்கின. இங்கிலாந்து முரண்டு பிடித்துவிட்டு 1890-ல் சேர்ந்தது. இன்று உலக ரக்பியை நடத்தும் அமைப்பின் தொடக்கம் அந்த ஒரு ட்ரைதான். இந்த மூன்று நாடுகளும் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே பக்கம் நின்றதைப் படித்தபோது எனக்கு 1872 கிறிஸ்துமஸ் ஆட்டம்தான் ஞாபகம் வந்தது. கல்கத்தாவில் அணி பிரித்தது அப்படியேதான்.

காசு வாங்காமல் ஆடுவது என்பதை ரக்பி யூனியன் ஒரு மதம் போலக் காத்தது. வடக்கு இங்கிலாந்தில் ஆடியவர்கள் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் கூலி போகும். போன கூலியை மட்டுமாவது ஈடு கட்டுங்கள் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து தனி அமைப்பு கண்டன. யூனியன் தன் விதியைத் தளர்த்தியது சரியாக நூறு வருஷம் கழித்து, 1995 ஆகஸ்டில். காசுக்காக ஆடாத உள்ளம் உயர்ந்ததுதான், அதை நானும் மதிக்கிறேன். ஆனால் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வருகிறவனிடம் அந்த உயர்வைக் கேட்பது அநியாயம். அந்தச் சுரங்கத் தொழிலாளிகள் பக்கம்தான் நான்.

கோப்பை ஒருமுறை அடிபட்டது. 1988-ல் எடின்பரோ ஆட்டம் முடிந்த இரவு, குடித்திருந்த வீரர்கள் சிலர் கோப்பையைத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் பந்து போல உதைத்து விளையாடியிருக்கிறார்கள். நசுங்கிவிட்டது. ஸ்காட்லாந்து தன் வீரருக்கு ஆறு மாதத் தடை போட்டது, இங்கிலாந்து தன் வீரருக்கு ஒரு ஆட்டத் தடை. அதைச் சரி செய்தார்கள். ஆனாலும் வெள்ளி தளர்ந்துபோய்விட்டது, பழையபடி தூக்கிச் செல்ல முடியாது. மூலக் கோப்பை இங்கிலாந்தில் டுவிக்கன்ஹாம் மைதான அருங்காட்சியகத்துக்கு உரியது. ஜெயிப்பவர்கள் தூக்கிக் காட்டுவது பெரும்பாலும் அச்சு அசலாகச் செய்த நகல். இதைப் படித்த அன்று எனக்கு நிஜமாகவே வலித்தது. காசு காசாகச் சேர்ந்த சந்தா அது.

2025 பிப்ரவரி 22 ஆட்டத்தை இங்கே இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி நிமிஷம். இங்கிலாந்து 16, ஸ்காட்லாந்து 15. ஸ்காட்லாந்து அப்போதுதான் ஒரு ட்ரை போட்டிருந்தது, உதை உள்ளே போனால் ஜெயம். ஃபின் ரஸ்ஸல் உதைத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஐந்து வருஷத்துக்கு அப்புறம் இங்கிலாந்து கையில் அந்த நாகங்கள். டிவியில் கல்கத்தா கல்கத்தா என்று எத்தனை முறை சொன்னார்கள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த அரங்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊரின் புல்வெளி கண்ணுக்குள் வந்திருக்கும்?

கல்கத்தாவில் ரக்பி அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 1884-ல் மறுபடி துளிர்த்தது. 1890-ல் உள்ளூர்க் கிளப்புகளுக்கென்று ஒரு கோப்பையும் வந்தது. கல்கத்தா ஃபுட்பால் கிளப் என்ற பெயர் மீண்டெழுந்து, பிறகு கால்பந்திலும் பெரிய பெயராயிற்று. அந்தக் கிளப்பின் மைதானத்தில்தான் 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயம் என்ற கால்பந்துக் கோப்பையை எடுத்தது. ஒருவரைத் தவிர மற்ற வங்காளி வீரர்கள் அத்தனை பேரும் வெறுங்காலில் ஆடினார்கள். வங்காளிகளிடம் அந்த நாளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் மணிக்கணக்கில் பேசுவார்கள். 1965-ல் ஃபுட்பால் கிளப், 1792 முதல் இருக்கும் கல்கத்தா கிரிக்கெட் கிளப்போடு இணைந்தது. இப்போது பாலிகஞ்சில் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே இன்றும் ரக்பி உண்டு.

ஆனால் என் மனதில் நிற்பது மைதானத்துப் பையன்கள்தான். அவர்கள் ஜங்கிள் க்ரோஸ் அணி. 2004-ல் பால் வால்ஷ் என்ற பிரிட்டிஷ்காரர் ஆரம்பித்தது. கொல்கத்தாவில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் வேலைக்கு வந்தவர், வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டார். குடிசைப் பகுதிப் பிள்ளைகள்தான் அதிகம். சிலிகுரி பக்கம் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்துக்கு இவர்கள் 2013-ல் பந்தோடு போனார்கள். கொழுந்து பறிக்கும் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் ஆடக் கற்று, பலர் இந்திய அணி வரைக்கும் போய்விட்டார்கள். 1872-ல் அந்தப் புல்வெளியில் இறங்கிய நாற்பது பேரில் ஒருவர்கூட இந்தியர் இல்லை. இப்போது அதே புல்லில் விழுந்து எழுவது இந்தப் பிள்ளைகள்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை போனேன். விடிகாலை மழை விட்டிருந்தது. பயிற்சி முடிந்து பையன்கள் ஒரு வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வயது இருக்கும் ஒரு பெண் வலைப்பையைப் பிரித்து வைத்துப் பந்துகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் சுருட்டி வைத்த ஒரு நோட்டு. ஏழு வரை வந்து நிறுத்தினாள். மறுபடி கொட்டி எண்ணினாள். ஏழுதான். எட்டாவதைத் தேடி நான்கு பேர் புல்லுக்குள் நாலா பக்கமும் போனார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். டிராம் தண்டவாளத்து ஓரப் பள்ளத்தில், சேறும் மழைத்தண்ணீருமாகப் பாதி மூழ்கிக் கிடந்தது. எடுத்து வேட்டி நுனியில் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுவிட்டு, அவள் நோட்டில் எட்டு என்று எழுதினாள்.